இடது கீழ் மூலையில் நான்கு நொடி

என் சித்தி மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். கடையின் முன்பக்கம் அலமாரியும் விளக்குமாகப் பளபளக்கும். பின்னறையில் ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், சித்தி, அவ்வளவுதான். லென்ஸ் கடைக்கு வட்டமாகத்தான் வரும். வாங்குகிறவர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு அதைத் தேய்த்து உட்கார வைப்பது அவள் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறாள். அவள் நகக்கண்களில் வெள்ளைப் பொடி நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

"கைய நல்லா கழுவுடி. கண்ணாடியப் பெசஞ்சு சாப்பிடாத" என்று அம்மா தினமும் சொல்வாள்.

"கண்ணாடி இல்லக்கா, பிளாஸ்டிக்கு. உடம்புக்கு நல்லது" என்பாள் சித்தி.

நாங்கள் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். பள்ளிப் படிப்பு முடிந்து ஏழு மாதமாக நான் சும்மா இருக்கிறேன். வீட்டில் இருப்புக் கொள்ளாது. சித்தியோடு கடைக்குப் போய் அந்தப் பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அதனால் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான்.

சித்திக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலை உண்டு. பத்து வருடத்துக்கு முன் பிரிந்துபோன ஒரு இசைக்குழுவுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். குழுவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் ரசிகர்கள் 'நாலு பேர்' என்றுதான் சொல்வார்கள். ஒருவர் பாடுவார், இருவர் கிதார், ஒருவர் டிரம்ஸ். ஆல்டர்நேட்டிவ் ராக் என்று அந்த வகைக்குப் பெயர். கல்யாண வீட்டில் போட முடியாது, ஆட முடியாது, தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அம்மாவின் விளக்கம் வேறு.

"டப்பாவ மாடிப்படியில உருட்டிவிட்டுட்டு, ஐயோ போச்சேன்னு ஒருத்தன் அழற மாதிரி இருக்கு."

நாலு பேர் மொத்தம் பதினொரு வீடியோ எடுத்தார்கள். சித்தியின் பக்கத்தில் ஒவ்வொன்றும் இருந்தது, ஒவ்வொன்றைப் பற்றியும் அவள் நீளமாக எழுதியிருந்தாள். முதல் வீடியோ முழுக்க ஒரு லிஃப்டுக்குள் நடக்கிறது. நால்வரும் நெருக்கியடித்து நின்று வாசிக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்க, வெளியே நிற்பவர்கள் பார்த்து மிரண்டு ஏறாமல் நின்றுவிடுகிறார்கள். கடைசி மாடியில் காய்கறிப் பையோடு ஒருவர் மட்டும் எதுவும் நடக்காதது போல ஏறிக்கொள்கிறார். அவர் ஏறும் இடத்தில் சித்தி ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். ஐந்தாவது வீடியோவைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள். அதற்காகப் பாடகர் பாட்டைத் தலைகீழாக மனப்பாடம் செய்து பாடினார் என்பதால், தெருவில் எல்லோரும் பின்னால் நடக்க அவர் உதடு மட்டும் சரியாக அசையும். ஏழாவது எடுத்த சமயத்தில் கிதார்காரர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு வரவில்லை. அவர் உயரத்துக்கு அட்டையை வெட்டி நிறுத்தி எடுத்துவிட்டார்கள். பதினொன்றாவதில் ஆளே கிடையாது. காலி அறை, சுவரில் சாய்த்த கிதார்கள், பாட்டு மட்டும் ஓடுகிறது.

"பேப்பர்ல வந்தப்பறம்தான் பிரிஞ்சது ஊருக்கே தெரிஞ்சுது. எனக்கு அந்த அட்டையப் பாத்தப்பவே தெரியும்" என்பாள் சித்தி.

இந்தக் கட்டுரைகளைவிட ரசிகர்களுக்குப் பிடித்தது அவற்றுக்குக் கீழே இருந்த பிழைப் பட்டியல்தான். லிஃப்ட் வீடியோவில் கூரையில் மைக்கின் நிழல் தெரியும். இரண்டாவதில் சுவர்க் கடிகாரம் ஒரு காட்சியில் மூன்று, அடுத்த காட்சியில் பத்து. இப்படி இருபத்து மூன்று பிழைகள், எந்த நிமிடம், எந்த நொடி, திரையில் எந்த இடம் என்று குறித்திருப்பாள். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் சித்தி பார்த்துச் சரி என்ற பிறகுதான் பட்டியலில் ஏறும். பிழை இல்லை என்று பின்னால் தெரிந்தால் அழிக்க மாட்டாள், அந்த வரியின் மேல் ஒரு கோடு போடுவாள். இந்தக் கறாரைப் பார்த்துத்தான் ரசிகர்களின் இணையக் குழுவில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர் வந்தது.

பட்டியலில் ஒன்பதாவது பிழை மூன்றாம் வீடியோவில் இருந்தது. 'இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி. இடது கீழ் மூலையில் உட்கார்ந்திருப்பவர் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார்.'

அவர் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன்.

தண்ணீரை இறைத்துக் காலியாக்கிய ஒரு பழைய நீச்சல் குளத்துக்குள் நாலு பேரும் நின்று வாசிக்கும் வீடியோ அது. குளத்தின் தரையில் வெள்ளை ஓடுகளின் மேல் இருநூறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருநூறு பேருக்காக வானொலியில் அறிவிப்பு வந்தபோது சித்திக்குப் பதினேழு வயது, மறுநாள் பரீட்சை. மாமாவுக்கு இருபது. அவள் அழுததைப் பார்த்து அவள் இடத்தில் அவர் போனார். கேமராவை யாரும் பார்க்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்களாம். மாமா வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார், "நான் திரும்பிப் பாப்பேன். அது ஒனக்குத்தான்."

திரும்பிப் பார்த்தார். நான்கு நொடி. முதலில் தோள், பிறகு காது, பிறகு முகம். சிரிப்பை அடக்கி வாயை இறுக்கிக்கொண்டு ஒரு புருவத்தைத் தூக்குவார். அடுத்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தது, ஆறே நாள். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். வீட்டில் அவர் புகைப்படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அசையாமல் நிற்கிறார். மாமா நகர்வதை நான் பார்த்தது அந்த நான்கு நொடியில்தான்.

"அத ஏன் சித்தி பிழைன்னு போட்ட?" என்று ஒரு முறை கேட்டேன்.

"என் அண்ணன்னு போட்டா ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருவாங்க. பிழைன்னு போட்டா தேடிப் பாப்பாங்க. நிறுத்தி நிறுத்தி பாப்பாங்க. முந்நூறு பேரு தெனமும் எங்கண்ணனப் பாக்கறான், அவனுக்கே தெரியாம." இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

இந்த வருடம் ஒரு அறிவிப்பு வந்தது. நாலு பேரின் பாட்டுகளை வைத்திருக்கும் நிறுவனம் பதினொரு வீடியோக்களையும் தூசி தட்டி, துல்லியமாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியிடப் போகிறது. முதல் நாள் நிறையப் பேர் பார்த்தால் நாலு பேரையும் மறுபடி ஒரு மேடையில் ஏற்றுவார்கள் என்று குழுவில் ஒரு பேச்சு. யார் கிளப்பியது என்று தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினார்கள். சித்தியும்தான். அவள் ஒரு விதி போட்டாள். பழைய மங்கலான பிரதிகள் எங்கும் இருக்கக் கூடாது, தேடுகிற ஒவ்வொருவரும் புதியதற்குத்தான் போக வேண்டும், அதனால் வைத்திருப்பவர்கள் பத்தரை மணிக்குள் நீக்கிவிட வேண்டும். ஒரு வாரம் ஒவ்வொருவரையும் விரட்டி விரட்டிக் கேட்டாள். 'கேசட்' என்று ஒருவர் உண்டு, எல்லாவற்றையும் பழைய நாடாவில் வைத்திருப்பவர். அவர்கூட நீக்கிவிட்டேன் டீச்சர் என்று எழுதினார்.

குளத்து வீடியோவின் நல்ல பிரதி சித்தியின் பக்கத்தில்தான் இருந்தது. நாலு பேரின் இரண்டாவது ஆல்பத்தோடு வந்த குறுந்தகட்டிலிருந்து எடுத்தது. அந்தத் தகடு கீறிப் போய்விட்டது, ஏற்றிய கணினி எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டது. மற்றவர்கள் அவள் பக்கத்துக்கு வந்துதான் பார்ப்பார்கள். தினமும் திறந்திருக்கும் கடையில் வாங்கி யாரும் வீட்டில் அடுக்குவதில்லை.

அந்த ஞாயிறு பத்து இருபதுக்கு அவள் நீக்க ஆரம்பித்தாள். நான் கட்டிலில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். 'நீக்கினால் திரும்பப் பெற முடியாது' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது, ஒவ்வொரு தடவையும் அவள் சரி என்று அழுத்தினாள். மூன்றாவதற்கு வந்தபோது ஒரு நொடி நின்று, "போய் குளிச்சு புதுச் சட்ட போட்டுட்டு வாண்ணா" என்றாள். பிறகு அழுத்தினாள். என் கைப்பேசியில் இடம் இருந்தது. இரண்டு நிமிடம் போதும், இறக்கி வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு மணிக்கு லிஃப்ட் வீடியோவைப் பார்த்தோம். பாடகரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. மைக்கின் நிழல் இல்லை. "பாத்தியா, நெழல எடுத்துட்டான்" என்று சித்தி என் தொடையில் அடித்தாள். இரண்டாவதில் கடிகாரம் எல்லாக் காட்சியிலும் மூன்று காட்டியது. "இவன்தான்டி வேலக்காரன்."

மூன்றாவதில் குளத்தின் ஓடுகள் அவ்வளவு வெள்ளையாக இருந்தன. சித்தி திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். இரண்டு நாற்பத்தொன்று வந்தது. டிரம்ஸ் அடிப்பவர் தெரிந்தார். பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஆரம்பத்தில் இருந்த இரண்டு நொடிக் கறுப்பை வெட்டியிருந்ததால் நேரம் முன்னால் வந்திருந்தது. இரண்டு முப்பத்தொன்பது. அதே காட்சி, அதே முதுகுகள். ஆனால் படம் பழையபடி சதுரமாக இல்லை, இப்போதைய அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் சீவியிருந்தார்கள். கீழே இருந்துதான் அதிகம் போயிருந்தது. மாமாவின் வரிசையே இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்களின் தலைகளோடு படம் முடிந்தது.

சித்தி ஆறேழு தடவை ஓட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "வெட்டறதுக்கு முன்னாடி கண்ணு எங்க வருதுன்னு பாக்க வேணாமா?"

அது அவள் வேலையின் பேச்சு. லென்ஸை இயந்திரத்தில் மாட்டும் முன் மையால் அதன் மேல் மூன்று சின்னப் புள்ளி வைப்பாள், நடுப் புள்ளியில்தான் போடுகிறவரின் கண் வரும். புள்ளி வைக்காமல் அவள் எதையும் வெட்டியதில்லை.

அன்றே குழுவில் கேட்டாள். யாரிடமாவது குளத்து வீடியோவின் பழைய பிரதி இருக்கிறதா? ஏன் என்று சொல்லவில்லை. பதில்கள் வரிசையாக வந்தன. 'நீக்கிவிட்டேன் டீச்சர்.' 'நீங்கள் சொன்ன அன்றே நீக்கிவிட்டேன்.' 'சோதனை வைக்கிறீர்களா டீச்சர்?' என்று ஒருவர் சிரித்திருந்தார். பக்கத்தை நடத்தும் இணையதளத்துக்கு எழுதினாள், நீக்கியது நீக்கியதுதான் என்று இயந்திரம் பதில் போட்டது. நிறுவனத்துக்கு எழுதினாள், 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று இன்னொரு இயந்திரம்.

நான்காம் நாள் கேசட் தனியாக எழுதினார். ஒப்புக்கொள்கிறேன், ஒன்றை மட்டும் நீக்கவில்லை, தொலைக்காட்சியில் வந்தபோது பதிவு செய்தது, கோபிக்க வேண்டாம் என்று. சித்தி கடையில் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் அனுப்பிய பதிவைத் திறந்தாள். கண் பரிசோதிக்கும் அண்ணன் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லோரையும் எழுத்துப் படிக்கச் சொல்வதால் அவரை எழுத்துக்காரர் என்போம்.

"என்ன டீச்சரம்மா, மிஷின் சத்தத்தையே காணோம். நாலு பேரும் கடைக்கே வந்துட்டாங்களா?"

"செத்த சும்மா இருங்கண்ணே."

படம் மழை பெய்வது போல இருந்தது, ஆனால் சதுரமான படம். இரண்டு நாற்பத்தொன்று. தோள் அசைந்தது. சரியாக அந்த இடத்தில், படத்தின் அடியில், ஒரு சோப்பு விளம்பரப் பட்டை இடமிருந்து வலமாக ஓடியது. மாமாவின் தலைமுடி மட்டும் பட்டைக்கு மேலே கொஞ்சம் திரும்பியது. பட்டை போனபோது அவரும் பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எழுத்துக்காரர் சிரிக்க ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னிடம் சைகையில் என்ன என்றார். நான் கையசைத்து அவரை முன்பக்கம் போகச் சொன்னேன். சித்தி இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டாள். அன்று சாயங்காலம் ஒரு லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்காரர் வந்தார்.

"எடதும் வலதும் மாத்தி வெட்டியிருக்கம்மா."

"ஆமாண்ணே."

"பதினாறு வருஷத்துல மொதத் தடவ. நானே மொதலாளிகிட்ட சொல்லிக்கறேன். வீட்டுக்குப் போ."

"வீட்டுக்குப் போயி என்ன பண்றது?" என்றாள் சித்தி. அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நிறுவனத்திலிருந்து மனிதர் ஒருவர் பதில் எழுதியது பத்தொன்பதாம் நாள். நல்ல மரியாதையான கடிதம். மூல நாடாக்கள் கிடங்குக்குத் திரும்பிவிட்டன, தனி நபர்களுக்காக வெளியே எடுக்க வழியில்லை, மன்னிக்கவும். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. அதை நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

'உங்கள் பக்கத்தின் பிழைப் பட்டியல் எங்கள் குழுவுக்குப் பெரிய வழிகாட்டியாக இருந்தது. படத்தின் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்தோம். நீங்கள் குறித்த இருபத்து மூன்று பிழைகளும் இப்போது இல்லை. இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு எங்கள் வணக்கம்.'

அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடி போட்டிருக்கான்?" என்றாள்.

"நன்றி சொல்லியிருக்கான்க்கா" என்றாள் சித்தி.

அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை என்று எழுதினால் பொய். பேசினாள், சாப்பிட்டாள், கடைக்குப் போனாள், நகத்தில் பொடியோடு வந்தாள். பக்கத்தை மட்டும் திறக்கவில்லை. குழுவில் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மேடைப் பேச்சு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. பிழையெல்லாம் போய்விட்டதே, டீச்சர் பட்டியலில் கோடு போடவில்லையே என்றுதான் கேட்டார்கள். அவள் போட்ட விதிதான் அது. போன வாரம் ஒரு நாள் உட்கார்ந்து கோடு போட்டாள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை. பிறகு பத்திலிருந்து இருபத்து மூன்று வரை. ஒன்பதாவதை விட்டுவிட்டாள்.

நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். நான் படித்துக் காட்டினேன். 'டீச்சர், ஒன்பதைக் கோடு போட மறந்துவிட்டீர்கள். நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை.'

சித்தி தட்டைப் பார்த்தபடி, "அவன் சொல்றது சரிதான்" என்றாள்.

"யாரு இல்லைங்கறான்?" என்று அம்மா கேட்டாள்.

இத்தனை நாள் இதை அம்மாவிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அந்த வீடியோ பிடிக்காது, பாட்டு ஆரம்பித்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள் என்பதால், எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. இப்போது சித்தி சொன்னாள். வெட்டியதையும், அழித்ததையும், பட்டியலையும், கடிதத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. சாப்பிட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கினாள். புது வீடியோவைத் திறக்கச் சொன்னாள். திறந்து கொடுத்தேன். அதன் அடியில் ஓடும் கோட்டை அவளே விரலால் இழுத்து, சரியாக இரண்டு நாற்பத்தொன்றில் கொண்டுவந்து விட்டாள்.

சித்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதுல ரெண்டு செகண்டு முன்னாடி வரும்க்கா" என்றாள் சித்தி.

அம்மா இரண்டு முப்பத்தொன்பதுக்கு இழுத்தாள். மூன்று பேரும் அந்த மூலையையே பார்த்தோம். முதுகுகள், தலைகள், அதற்குக் கீழே திரையின் ஓரம்.

"இங்கதான இருப்பான்" என்றாள் அம்மா. "கீழதான் இருக்கும்."

விரலைப் படத்தின் மேல் வைத்து மேலே தள்ளினாள், கடிதத்தின் மிச்சத்தைப் படிக்கத் தள்ளுவது போல. படம் தள்ளிக்கொண்டு மேலே போனது. அதற்குக் கீழே நான்காவது வீடியோ இருந்தது. அம்மா மறுபடியும் கீழே இழுத்து, மறுபடியும் மேலே தள்ளினாள். மறுபடியும் நான்காவதுதான் வந்தது.

"வராதுக்கா" என்றாள் சித்தி.

"இரு" என்றாள் அம்மா.